பழைய ஒயின் எல்லாம் நல்ல ஒயினா? புருனெல்லோவை வைத்து ஓர் எளிய விளக்கம்

ஐம்பது வயதைத் தாண்டியும் களையாக இருக்கும் நடிகரைப் பற்றி எழுதும்போதெல்லாம் "பழைய ஒயின் மாதிரி" என்று ஒரு வரி வந்துவிடுகிறது. எந்த ஒயினாக இருந்தாலும் வைக்க வைக்க ருசி ஏறும், போதை ஏறும், விலை ஏறும் என்ற எண்ணம்தான் அதற்கு அடிப்படை. இதில் பெரும்பகுதி தவறு. உலகில் விற்கப்படும் ஒயினில் மிகப் பெரும்பாலானது ஓரிரு ஆண்டுகளுக்குள் குடித்து முடிக்கவே தயாரிக்கப்படுகிறது. அதை அலமாரியில் பத்து வருடம் வைத்தால் பழ வாசனை போய், நிறம் மங்கி, சப்பென்று ஆகியிருக்கும். போதையும் ஏறாது. திராட்சையில் இருந்த சர்க்கரை பாட்டிலுக்குப் போகும் முன்பே ஆல்கஹாலாக மாறி முடிந்துவிடுகிறது. அதன் பிறகு ஆல்கஹால் கூட வழியில்லை.

ஆனாலும் வைத்தால் உண்மையிலேயே மேம்படுகிற ஒயின்கள் சில இருக்கின்றன. அவற்றில் ஒன்று இத்தாலியின் டஸ்கனியில் விளையும் புருனெல்லோ தி மொந்தால்சினோ. இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஏனென்றால் இது பல நூற்றாண்டு வழக்கத்தில் தானாக உருவான ஒயின் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் ஒரு குடும்பம் 'நாங்கள் செய்யும் ஒயின் பல ஆண்டு தாங்க வேண்டும்' என்று முடிவெடுத்து, அதற்கேற்ப ஒவ்வொரு படியையும் மாற்றியதால் பிறந்தது.

எது தாங்கும்?

உப்பு நார்த்தங்காயை நினைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஊறியதில் கசப்பும் புளிப்பும் உப்பும் தனித்தனியாக நாக்கில் அடிக்கும். சில ஆண்டுகள் ஜாடியில் கிடந்தது கறுத்து, மெத்தென்று, மூன்று சுவையும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கியிருக்கும். எந்தக் காயைப் போட்டாலும் இப்படி ஆகிவிடாது. உப்பும் புளிப்பும் போதுமான அளவு இருந்ததால் நார்த்தங்காய் கெடவில்லை. கசப்பு தூக்கலாக இருந்ததால்தான் காலம் தணிப்பதற்கு அதில் ஏதோ இருந்தது. வெள்ளரிக்காயைப் போட்டு வைத்தால் தணிய என்ன இருக்கிறது? நார்த்தங்காய் ஜாடியிலும் ஈரக் கை பட்டால் பூஞ்சைதான்.

சிவப்பு ஒயினிலும் இதே இரண்டு கேள்விகள். கெடாமல் காப்பது எது? தணிய வேண்டியது எது?

காப்பதில் முதலிடம் அமிலத்துக்கு. ஆல்கஹாலும் துணை நிற்கிறது. தணிய வேண்டியது டானின். டானின் என்பது துவர்ப்புப் பொருள். பாக்கிலும் கடுக்காயிலும் அதிகம் கொதித்துவிட்ட தேநீரிலும் இருப்பது இதன் இனம்தான். நம் உமிழ்நீரில் உள்ள புரதங்களை டானின் பிடித்துக்கொள்ளும்போது வாயின் வழவழப்பு போய்விடுகிறது. அந்த உலர்ந்த, இழுத்துப் பிடிக்கும் உணர்வைத்தான் துவர்ப்பு என்கிறோம். திராட்சையின் தோல், விதை, காம்பு ஆகியவற்றில் டானின் இருக்கிறது. சாற்றில் அநேகமாக இல்லை. ஆகவே தோலோடு சேர்த்து நொதிக்க வைத்த சிவப்பு ஒயினில்தான் அது நிறைய இருக்கும். டானின் தன் பங்குக்கு ஆக்சிஜனையும் வாங்கிக்கொள்ளும் என்பதால், தணியும் பொருளே காவலும் காக்கிறது.

சுருக்கமாக: இளமையில் புளிப்பும் துவர்ப்பும் மிகுந்து, குடிக்கச் சற்றுக் கடினமாக இருக்கும் ஒயினுக்கே வயதாகும் தகுதி உண்டு. இளமையிலேயே மிருதுவாக, இனிமையாக இருப்பதை அப்போதே குடித்துவிடுவது நல்லது.

ஊரும் திராட்சையும்

மொந்தால்சினோ ஒரு மலையூர். சியென்னா நகரத்துக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திலிருந்து 564 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓம்ப்ரோனே, ஓர்ச்சா, ஆஸ்ஸோ என்ற மூன்று ஆறுகள் அந்தப் பகுதியைச் சுற்றி எல்லை போடுகின்றன. தெற்கே 1,738 மீட்டர் உயரமுள்ள அமியாத்தா மலை நின்று, புயலையும் ஆலங்கட்டி மழையையும் ஓரளவு தடுக்கிறது. பகலில் நல்ல வெயில். உயரமான சரிவுகளில் இரவில் குளிர். வெயிலில் சர்க்கரை ஏறும். இரவுக் குளிரில் பழத்தின் அமிலம் கரைந்து போகாமல் நிற்கும். பிந்தையதுதான் நமக்கு முக்கியம்.

திராட்சையின் பெயர் சான்ஜியோவேசே. டஸ்கனி முழுவதும் பயிராகும் வகை. கியாந்தி ஒயினிலும் இதுதான் பிரதானம். மெல்லிய தோல், தாமதமாகப் பழுக்கும் குணம், தூக்கலான அமிலம், கரடுமுரடான டானின், ஆனால் அடர்த்தியில்லாத நிறம். மொந்தால்சினோக்காரர்கள் தங்கள் ஊர்க் கொடியை 'புருனெல்லோ' என்று அழைத்து, அது வேறு வகை என்றே நெடுநாள் நம்பினார்கள். 1879இல் சியென்னா மாகாணத்தின் திராட்சை ஆய்வுக் குழு, இரண்டும் ஒன்றே என்று முடிவு சொன்னது. இன்று புருனெல்லோ என்பது திராட்சையின் பெயர் அல்ல, ஒயினின் பெயர்.

அடர்த்தியில்லாத நிறம் என்று சொன்னதைக் கவனத்தில் வையுங்கள். கறுப்பாக இருந்தால்தான் கனமான, நல்ல ஒயின் என்பது இன்னொரு பரவலான தப்பு. நிறத்தைத் தருவது ஆன்தோசயனின் என்ற தோல் நிறமி. துவர்ப்பைத் தருவது டானின். ஒன்று குறைந்து மற்றது மிகுந்திருக்கலாம். சான்ஜியோவேசே அப்படிப்பட்ட வகை.

கிரெப்போ தோட்டத்தில் எடுத்த முடிவு

19ஆம் நூற்றாண்டின் நடுவில் மொந்தால்சினோவுக்குப் பேர் வாங்கித் தந்தது சிவப்பு ஒயினே அல்ல; மொஸ்கதெல்லோ என்ற இனிப்பு வெள்ளை ஒயின். டஸ்கனியின் சிவப்பு ஒயின் அன்றாடத்துக்கானது. சிவப்புத் திராட்சையோடு வெள்ளைத் திராட்சையும் சேர்ப்பார்கள். நொதித்து முடிந்த ஒயினில் உலர்த்திய திராட்சையின் சாற்றைச் சேர்த்து மறுபடி கொஞ்சம் நொதிக்க விடுவார்கள். 'கவர்னோ' எனப்படும் இந்த முறையில் ஒயின் சீக்கிரம் மிருதுவாகி, லேசாக நுரைத்து, சில மாதங்களில் மேசைக்கு வந்துவிடும்.

ஊருக்கு அருகே கிரெப்போ என்ற தோட்டத்தை வைத்திருந்தவர் க்ளெமென்தே சாந்தி. மருந்தியல் படித்தவர், விவசாய ஆராய்ச்சியில் ஈடுபாடு கொண்டவர். 1869இல் நடந்த ஒரு விவசாயக் கண்காட்சியில் அவருடைய 1865ஆம் வருட 'தேர்ந்தெடுத்த சிவப்பு ஒயின், புருனெல்லோ' பரிசு பெற்றது. நான்கு வயதான ஒரு சிவப்பு ஒயின் போட்டிக்கு வந்ததே அந்தக் காலத்தில் பெரிய செய்தி. அவருடைய மகள் கத்தெரீனா, பியோந்தி என்ற ஃப்ளோரன்ஸ் நகர மருத்துவரை மணந்தார். அவர்களுடைய மகன் ஃபெருச்சோ, அப்பா பெயரையும் தாத்தா பெயரையும் சேர்த்து பியோந்தி சாந்தி என்று வைத்துக்கொண்டார். இத்தாலியை ஒன்றிணைக்கப் பாடுபட்ட தளபதி கரிபால்டியின் படையில் தொண்டராகப் போரிட்டுத் திரும்பிய பின் தாத்தாவின் தோட்டத்தில் இறங்கினார்.

ஃபெருச்சோ செய்த மாற்றங்கள் ஒவ்வொன்றுக்கும் மேலே பார்த்த தர்க்கம்தான் காரணம். வெள்ளைத் திராட்சையை நிறுத்தினார். அது டானினைக் குறைத்து ஒயினைச் சீக்கிரம் தளர வைக்கும். கவர்னோவை விட்டார், சீக்கிரம் மிருதுவாக்குவது அவர் நோக்கமே அல்ல. தோட்டத்தில் நன்றாகக் காய்த்த சான்ஜியோவேசே கொடிகளைத் தேர்ந்தெடுத்து அவற்றிலிருந்தே ஒட்டுக் கட்டினார். ஒரே வகைத் திராட்சையின் ஒயினைப் பெரிய பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் வைத்த பிறகு பாட்டிலில் அடைத்தார். ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை வேர்ப்பூச்சி அழித்துக்கொண்டிருந்த காலம் அது. பல விவசாயிகள் கையில் உடனே காசு வரும் ஒயினையே தேடினார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் முதலீட்டை வருடக்கணக்கில் பீப்பாயில் முடக்க ஒருவர் துணிந்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. 1888ஆம் ஆண்டின் அறுவடையில் அவர் செய்த ரிசெர்வா, அதாவது சிறந்த ஆண்டில் மட்டும் செய்து கூடுதலாக வைத்திருக்கும் ஒயின், புருனெல்லோவின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. 1891இல் அடுத்தது வந்தது. அந்த நூற்றாண்டில் அவ்வளவுதான்.

ஃபெருச்சோவின் மகன் தான்க்ரேதி முறைப்படி ஒயின் தொழில்நுட்பம் படித்தவர். அவர் காலத்தில் 1925, 1945, 1955, 1964 ஆகிய ஆண்டுகளுக்கு ரிசெர்வா வந்தது. 1927இல் அவர் ஒரு காரியம் செய்தார். தந்தையின் 1888, 1891 பாட்டில்களில் கார்க் வழியாக ஒயின் மெல்ல ஆவியாகி, மேலே காற்று இடம் பிடித்திருந்தது. அவற்றைத் திறந்து, ருசி பார்த்து, கெடாதவற்றை மட்டும் தேர்ந்து, அதே ஆண்டின் வேறொரு பாட்டிலிலிருந்து ஊற்றி நிரப்பிப் புதுக் கார்க் அடித்தார். வேறு ஆண்டின் ஒயினைச் சேர்த்திருந்தால் அது 1888 என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆகவே சில பாட்டில்களைப் பலி கொடுத்துத்தான் மற்றவற்றைக் காப்பாற்ற முடியும். இரண்டாம் உலகப் போரின்போது படைகள் ஊரைக் கடந்தபோது, பழைய ரிசெர்வாக்களை நிலவறையில் சுவர் எழுப்பி மறைத்து வைத்தார்கள்.

தான்க்ரேதியின் மகன் ஃப்ராங்கோ (1922–2013) இந்த முறையை மாற்ற மறுத்தவராகவே பேர் பெற்றார். கிரெப்போவின் ஒரு கொடியிலிருந்து தேர்ந்த வகைக்கு 'பிபிஎஸ் 11' என்று பதிவுப் பெயரே இருக்கிறது. புருனெல்லோ பியோந்தி சாந்தி என்பதன் சுருக்கம், 11 என்பது கொடியின் எண். 1999இல் ஓர் அமெரிக்க ஒயின் இதழ் இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த பன்னிரண்டு ஒயின்களில் ஒன்றாக 1955 ரிசெர்வாவைச் சேர்த்தது. இப்போது நிறுவனத்தின் பெரும்பங்கு ஒரு பிரெஞ்சுக் குழுமத்திடம் இருக்கிறது.

தொட்டியிலிருந்து பீப்பாய்க்கு

அறுவடை பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில். ஒரு ஹெக்டேரில் அதிகபட்சம் 8 டன் திராட்சைதான் எடுக்கலாம் என்பது விதி. 100 கிலோவிலிருந்து 68 லிட்டருக்கு மேல் புருனெல்லோ என்று விற்க முடியாது. கொடியில் குலை அதிகமானால் ஒவ்வொரு பழத்திலும் சாரம் நீர்த்துப் போகும். அதனால் கோடையிலேயே அதிகப்படிக் குலைகளை வெட்டிப் போடுகிறார்கள்.

பழத்தைக் காம்பு நீக்கி நசுக்கித் தோலோடு தொட்டியில் விடுகிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை போனால் 1 சதவீத ஆல்கஹால் கிடைக்கும்; 14 சதவீதம் வேண்டுமென்றால் சாற்றில் ஏறக்குறைய 240 கிராம் சர்க்கரை வேண்டும். வாயு மேலெழும்போது தோலை எல்லாம் தூக்கிக்கொண்டுபோய் மேலே ஒரு தடித்த அடுக்காக நிறுத்திவிடும். அடியிலிருந்து ஒயினை எடுத்து அதன் மேல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு காரணம்: தோலில் உள்ள டானினும் நிறமும் இறங்க வேண்டும், அடுக்கு காய்ந்துவிட்டால் காடி பாக்டீரியா பிடித்து வினிகர் வாடை வந்துவிடும். வெப்பம் 30 டிகிரி செல்சியஸ் அளவில் நின்றால் நல்லது. 35ஐத் தாண்டினால் ஈஸ்ட் திணறி, சர்க்கரை மிச்சமிருக்கும்போதே நொதித்தல் நின்றுபோகலாம். அதற்குப் பிறகு கூரான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக பாக்டீரியா மாற்றும் ஒரு கட்டம் உண்டு. அது முடியாமல் பாட்டிலில் அடைத்தால் உள்ளே நுரைக்கும்.

பிறகு ஓக் மரப் பீப்பாய். மரம் ஒயினுக்கு வாசனை ஏற்றத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். கிரெப்போ வழியில் அது நோக்கமே இல்லை. அவர்கள் பயன்படுத்துவது குரோஷியாவின் ஸ்லவோனியா பகுதி ஓக்கில் செய்த, ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கும் பழைய பெரிய பீப்பாய்கள். 225 லிட்டர் பிடிக்கும் சின்ன பிரெஞ்சுப் பீப்பாயோடு 5,000 லிட்டர் பீப்பாயை ஒப்பிட்டால், ஒரு லிட்டர் ஒயினுக்குக் கிடைக்கும் மரப்பரப்பு சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மர வாசனை ஏறாது. ஆனால் மரத்தின் நுண்துளைகள் வழியாகவும் மூடியைச் சுற்றியும் துளித்துளியாக ஆக்சிஜன் போகும். தேவை அதுதான். மரத்தின் வழியே ஒயின் ஆவியாகவும் செய்யும். பீப்பாயில் வெற்றிடம் விழாமல் அவ்வப்போது நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அசட்டையாக விட்ட பீப்பாய் வினிகராகும்.

இதுவரை: அமிலம் மிகுந்த திராட்சை, தோலிலிருந்து இறக்கிய டானின், பெரிய மரத்தில் அளவான ஆக்சிஜன். வயதாவதற்கான மூலதனம் இவ்வளவுதான். இனி உள்ளே நடப்பது.

உள்ளே என்ன நடக்கிறது

சிறிதளவு ஆக்சிஜன் ஆல்கஹாலின் மிகச் சிறு பகுதியை அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாற்றுகிறது. அது டானினையும் நிறமியையும் இணைக்கும் பாலமாகிறது. டானின் மூலக்கூறுகள் தமக்குள்ளும் நிறமிகளோடும் பிணைந்து பெரிதாகின்றன. அப்படிப் பெரிதானவற்றில் ஒரு பகுதி ஒயினில் கரைந்து நிற்க முடியாமல் கசடாக அடியில் படிகிறது. மீதி உமிழ்நீர்ப் புரதத்தைப் பிடிக்கும் விதம் மாறி, துவர்ப்பின் முரட்டுத்தனம் குறைகிறது. பழைய பாட்டிலின் அடியில் படிந்திருக்கும் கரும்பொடி கலப்படம் அல்ல. தணிந்த துவர்ப்பும் நிறமும் அங்கேதான் கிடக்கின்றன.

நிறம் இதோடு சேர்ந்தே மாறுகிறது. தனியாக மிதந்த ஆன்தோசயனின் சில ஆண்டுகளில் குறைந்துபோகும்; டானினோடு பிணைந்த நிறமிகள்தான் நிற்கும். இளமையில் மாணிக்கச் சிவப்பாக இருந்தது மாதுளைச் சிவப்பாகி, பிறகு கோப்பையின் ஓரத்தில் செங்கல் நிறம் காட்டும். வாசனையில் செர்ரிப் பழம் பின்வாங்கி, உலர்ந்த பழம், புகையிலை இலை, பதனிட்ட விலங்குத் தோல், காய்ந்த சருகு ஆகியவை மேலே வருகின்றன.

அமிலம் மட்டும் பெரிதாக மாறுவதில்லை. அதனால்தான் அறுபது வயதான நல்ல புருனெல்லோவும் வாயில் உயிரோடு இருக்கிறது. பழமும் டானினும் விலகிய பிறகு தாங்கி நிற்க அமிலம் இல்லாத ஒயின், வெறும் பழைய ஒயின்.

ஆக்சிஜன் அளவு மீறினால் இதே வேதியியல் எதிரியாகிவிடும். நிறம் பழுப்பாகும், வெட்டி வைத்த ஆப்பிள் கறுத்த வாடை வரும். வெப்பமும் அப்படியே. எல்லா மாற்றத்தையும் வேகப்படுத்தும், ஆனால் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் அல்ல. ஆகவே வெயிலில் வைத்துப் பத்து வருட முதிர்ச்சியை ஒரு வருடத்தில் வாங்க முடியாது.

லேபிளில் உள்ளது என்ன சொல்கிறது

1966இல் புருனெல்லோவுக்குச் சட்டப்படி பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது. அடுத்த ஆண்டு தயாரிப்பாளர் சங்கம் உருவானது. 1980இல் இத்தாலியின் உச்ச வகுப்பான டிஓசிஜி தகுதியை முதலில் பெற்ற ஒயின்களில் இதுவும் ஒன்று. விதி நூறு சதவீதம் சான்ஜியோவேசே என்கிறது. அறுவடைக்குப் பின் ஐந்தாவது ஆண்டின் ஜனவரி 1க்கு முன் விற்கக் கூடாது. 2019இல் பறித்தது 2024இல்தான் கடைக்கு வரலாம்; ரிசெர்வா என்றால் 2025. அதற்குள் குறைந்தது இரண்டு ஆண்டு மரத்திலும், நான்கு மாதம் பாட்டிலிலும் இருக்க வேண்டும்; ரிசெர்வாவுக்கு ஆறு மாதம். மரத்தில் இருக்க வேண்டிய காலம் முன்பு நான்கு ஆண்டாக இருந்து படிப்படியாகக் குறைக்கப்பட்டது. அதே திராட்சையில், அறுவடைக்கு அடுத்த செப்டம்பரிலேயே விற்கக்கூடிய ரோஸோ தி மொந்தால்சினோவும் உண்டு. முதன்முறை ருசி பார்ப்பவருக்கு என் பரிந்துரை அதுதான்: விலை குறைவு, காத்திருக்க வேண்டாம்.

2008இல் சில தயாரிப்பாளர்கள் வேறு திராட்சை கலந்ததாகச் சந்தேகம் எழுந்து, விசாரணை நடந்து, லட்சக்கணக்கில் பாட்டில்கள் முடக்கப்பட்டன. மெர்லோ போன்ற வகையைச் சேர்த்தால் நிறம் அடரும், இளமையிலேயே மிருதுவாகும். சந்தை கேட்டதும் அதைத்தான். அந்த ஆண்டு அக்டோபரில் சங்க உறுப்பினர்கள் மிகப் பெரும்பான்மையாக வாக்களித்து, ஒரே திராட்சை என்ற விதியை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

வைப்பதும் திறப்பதும்

பாட்டிலைப் படுக்கப் போடுங்கள். கார்க் நனைந்திருக்க வேண்டும். காய்ந்தால் சுருங்கிக் காற்றை விடும். 12 முதல் 15 டிகிரி, வெளிச்சமில்லாத, அதிராத இடம். வெப்பம் ஏறி இறங்குவது நிலையான சற்றுக் கூடுதல் வெப்பத்தைவிட மோசம்: திரவம் விரிந்து சுருங்கும்போது கார்க் தளரும். இந்த வசதி இல்லையென்றால் நீண்ட காலம் வைக்க முயல வேண்டாம்.

பழைய பாட்டிலை வாங்கும்போது முதலில் ஒயின் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். கழுத்தில் நின்றால் நல்லது. இருபது, முப்பது வருடப் பாட்டிலில் கொஞ்சம் இறங்கியிருப்பது இயல்பு. தோள்பட்டைக்குக் கீழே போயிருந்தால் எந்தப் பெயர் இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

திறப்பதற்கு ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வைத்துவிட்டால் கசடு அடியில் இறங்கும். பழைய கார்க் உதிரும். திருகு மட்டும் உள்ள திறப்பானைவிட, இரண்டு பக்கமும் மெல்லிய தகடு இறங்கும் திறப்பான் பாதுகாப்பு. பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் ஒரு விளக்கை வைத்துக்கொண்டு, ஒரே சாய்வில் நிறுத்தாமல் வேறு பாத்திரத்துக்கு ஊற்றுங்கள். கழுத்தில் கரும்பொடி தெரிந்த நொடியில் நிறுத்திவிடுங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் கார்க்கில் டிசிஏ என்ற வேதிப்பொருள் இருந்திருக்கிறது என்று பொருள். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் காற்றாட வைத்தால் போகவும் போகாது.

பத்து வயதுக்குட்பட்ட புருனெல்லோவை ஊற்றி இரண்டு மணி நேரம் காற்றாட விடலாம். முப்பது வயதைத் தாண்டியதை அப்படி விட்டால் மிஞ்சியிருக்கும் வாசனையும் பறந்துவிடும்; ஊற்றியதும் குடிக்க வேண்டியதுதான். 'அறை வெப்பநிலையில் பரிமாறவும்' என்று எழுதியிருப்பது 18 டிகிரியை. சென்னை அறைக்கு அது பொருந்தாது. அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள். கூடச் சாப்பிட மாட்டிறைச்சி வறுவலோ முதிர்ந்த ஆட்டுப்பால் சீஸோ இருந்தால் மிச்சமுள்ள டானின் அவற்றின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், வாய் உலராது. மீந்ததைக் கார்க் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் இளையது இரண்டு, மூன்று நாள் நிற்கும். பழையது மறுநாளைக்குத் தாங்காது.